ஆலைக்காரர் மகனின் வானம்



எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி தீட்டுகிறவர்கள் எங்கிருந்து கற்கிறார்கள்? இயற்கையிடமிருந்தா, தங்களுக்கு முன்னால் தீட்டியவர்களிடமிருந்தா? இதுதான் இன்றைய பேச்சு. ஓவியக் கல்லூரி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் இதில் ஒரு கட்சி எடுப்பார். ‘பழைய படங்களைப் பார்த்தால் கண் கெட்டுவிடும், நேரே வயலுக்குப் போ’ என்பது ஒரு கட்சி. ‘முதலில் பழையவர்களைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பழக்கு, வயல் எங்கும் ஓடிவிடாது’ என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. முன்னோரின் படங்களைப் பார்த்த கண்ணுக்குத்தான் வயல் தெரியும். வயலைப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தப் படங்களும் தெரியும். இது என் உறுதியான எண்ணம். இதை வாதம் செய்து நிறுவுவதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு காட்டுவது நல்லது என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஜான் கான்ஸ்டபிள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில் 1776இல் பிறந்தவர். 1837இல் லண்டனில் மறைந்தவர். வாழ்நாளில் ஒருமுறைகூட இங்கிலாந்தை விட்டு வெளியே போகாதவர். ரோம் போகவில்லை, ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கவில்லை. தன் ஊரைச் சுற்றியிருந்த ஓர் ஆறு, இரண்டு மூன்று ஆலைகள், ஒரு கோயில் கோபுரம், நான்கைந்து வயல்வெளிகள் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பத் தீட்டியவர். இப்படிச் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? இவரைவிட இயற்கையை மட்டுமே நம்பிய ஓவியர் இருக்க முடியாது என்றுதானே தோன்றும்? அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அவருடைய தகப்பனார் கோல்டிங் கான்ஸ்டபிள் ஆலைக்காரர். ஸ்டவர் ஆற்றங்கரையில் ஃப்ளாட்ஃபோர்டிலும் டெட்ஹமிலும் அவருக்கு நீராலைகள். ஈஸ்ட் பெர்கோல்ட்டில் ஒரு காற்றாலை. மாவையும் தானியத்தையும் ஏற்றிச் செல்லப் படகுகள். மகனும் இந்தத் தொழிலுக்குத்தான் வர வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். கொஞ்ச காலம் மகன் ஆலையில் வேலையும் செய்தார்.

காற்றாலையில் வேலை செய்வது என்றால் என்ன தெரியுமா? வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. காற்று எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு ஆலையின் இறக்கைகளைத் திருப்பிவைக்க வேண்டும். காற்று திடீரென்று வலுத்தால் இறக்கைகளின் மேல் விரித்திருக்கும் பாய்த்துணியைச் சுருட்ட வேண்டும். தவறினால் இறக்கை முறியும், ஆலையே சாயும். மேகம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, அதன் அடிவயிறு எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே சோறு போடுகிற அறிவு. பிற்காலத்தில் குடும்பத் தொழிலை ஏற்று நடத்திய தம்பி ஏப்ரகாம் தன் அண்ணனின் ஓவியங்களைப் பற்றி ஒன்று சொன்னார். அண்ணன் தீட்டிய ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்ற ஓவியர்களின் ஆலைகளைப் பார்த்தால் எப்போதும் அப்படித் தெரிவதில்லை என்பது அவர் கருத்து. ஓவிய விமர்சனத்தில் இதைவிட நல்ல பாராட்டு ஒன்றை நான் படித்ததில்லை.

ஆக, இயற்கை அவருக்குக் குழந்தையிலிருந்தே கிடைத்துவிட்டது. ஊரிலேயே ஓவியத் தோழரும் கிடைத்தார். ஜான் டன்தோர்ன் என்பவர் ஈயக் குழாயும் கண்ணாடியும் பொருத்துகிற கைத்தொழிலாளி. ஓய்வு நேரத்தில் இருவரும் வயலுக்குப் போய் வரைந்தார்கள். மண் கிடைத்தது, ஆறு கிடைத்தது, வானம் கிடைத்தது, தோழரும் கிடைத்தார். ஓவியம் கிடைத்ததா? அதுதான் கிடைக்கவில்லை. கண் முன்னால் கிடக்கும் இவ்வளவு பெரிய வெளியை ஒரு சின்னச் சதுரத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? எதை விடுவது? எதை முன்னால் நிறுத்துவது? இந்தக் கேள்விகளுக்கு வயல் பதில் சொல்லாது. வயலுக்குச் சட்டம் கிடையாது.

பதில் ஒரு பெட்டிக்குள் வந்தது. சர் ஜார்ஜ் போமண்ட் என்ற பிரபு ஓவியங்களைச் சேர்ப்பவர், தானும் வரைபவர். அவருடைய தாயார் டெட்ஹமில் வாழ்ந்தார். தாயைப் பார்க்க வரும்போதும் போமண்ட் ஒரு சிறிய ஓவியத்தைப் பெட்டியில் வைத்து வண்டியிலேயே கொண்டுவருவார். அதைப் பிரிய அவருக்கு மனமே வராது. பிற்காலத்தில் தன் ஓவியங்களை லண்டன் நேஷனல் கேலரிக்குக் கொடையாகக் கொடுத்தவர், இந்த ஒன்றை மட்டும் உயிரோடு இருக்கும்வரை தன்னிடம் இருக்கட்டும் என்று திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றால் பாருங்கள். சுமார் 1795இல், ஏறக்குறைய 19 வயதில், அந்தப் படத்தைக் கான்ஸ்டபிள் பார்த்தார்.

அது கிளாட் லொரேன் 1646இல் தீட்டிய ‘ஆகாரும் தேவதூதனும்’. அளவு சுமார் 52 சென்டிமீட்டர் உயரம், 42 சென்டிமீட்டர் அகலம். விவிலியக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆபிரகாமின் வீட்டிலிருந்து ஓடிவந்த ஆகார் என்ற பணிப்பெண்ணைத் தேவதூதன் வனாந்தரத்தில் சந்திக்கிறான். ஆனால் கதை படத்தின் அடியில் ஒரு மூலையளவுதான். மிச்சமெல்லாம் நிலம். பக்கவாட்டில் உயர்ந்து நிற்கும் மரம் கண்ணைத் தடுத்து உள்ளே அனுப்புகிறது. நடுவில் ஆறும் பாலமும். அதற்கப்பால் குன்றுகள் ஒவ்வொன்றாக வெளிறிக்கொண்டே போய் வானத்தோடு கரைகின்றன. முன்புறம் இருட்டு, நடுவில் வெளிச்சம், தொலைவில் நீலம். ஆழம் என்பதை ஒரு சிறு துணியில் எப்படி உண்டாக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இனி 1802ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கான்ஸ்டபிள் லண்டனில் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் படிக்கிறார். பழைய ஓவியங்களைப் படியெடுத்துப் பழகுகிறார். படைப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைக்கிறது, சம்பளத்தோடு. வேண்டாம் என்கிறார். மே மாதக் கடைசியில் ஊரிலுள்ள டன்தோர்னுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இரண்டு வருடமாகப் படங்களின் பின்னால் ஓடி உண்மையை அடுத்தவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன், இனி ஊருக்கு வந்து இயற்கையிலிருந்தே படிக்கப் போகிறேன் என்பது அதன் சாரம். இயற்கையாகத் தீட்டுகிற ஓவியனுக்கு இடம் காலியாக இருக்கிறது என்றும் எழுதினார்.

வீரமான கடிதம்! வயல் கட்சிக்காரர்கள் இதைக் கொடியாகப் பிடிக்கலாம். பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

அவர் சொன்னபடியே ஊருக்கு வந்தார். செப்டம்பர் மாதம் லாங்கம் என்ற இடத்தில் கன் ஹில் குன்றின் மேல் உட்கார்ந்து டெட்ஹம் பள்ளத்தாக்கைத் தீட்டினார். அந்தச் சிறு ஓவியம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெட்டுவாக்கான படம். ஒரு பக்கம் மரங்கள் உயர்ந்து கண்ணை உள்ளே அனுப்புகின்றன. கீழே ஸ்டவர் ஆறு வளைந்து போகிறது. நடுவில் டெட்ஹம் கோயில் கோபுரம். அதற்கப்பால் நிலம் வெளிறிக்கொண்டே போய் வானத்தைத் தொடுகிறது. எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதா? ஆகார்! அதே கட்டமைப்பு. ரோமாபுரியின் வெளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் ஊரை வைத்திருக்கிறார்.

அடுத்தவர் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்று எழுதிய அதே வருடம். அதே கை. இதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். அவர் எறிந்தது பழைய ஓவியர்களின் மேற்பூச்சை. வைத்துக்கொண்டது அவர்களின் பார்வையை. பல காலம் குருவிடம் பாடம் கேட்ட காதுக்குத்தானே தெருவில் போகிறவன் பாட்டில் சுருதி சேர்கிறதா என்று தெரியும்? கன் ஹில்லின் மேல் எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள், கீழே பள்ளத்தாக்கு இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அங்கே ஓர் ஓவியம் இருப்பதைக் கான்ஸ்டபிள் பார்த்தார் என்றால், அதற்குக் கிளாடும் காரணம்.

கிளாட் மட்டும் எங்கிருந்து கற்றார்? அவர் லொரேனில் பிறந்து ரோமில் வாழ்ந்தவர். அவருடைய நண்பரான ஓவியர் சாண்ட்ரார்ட் எழுதி வைத்திருக்கிறார்: விடிவதற்கு முன்பே வயல்வெளிக்குப் போய், இருட்டும்வரை கிடந்து, விடியலின் நிறம், மாலையின் நிறம் என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதற்கேற்ப வண்ணம் குழைப்பாராம் கிளாட். அப்படியானால் கான்ஸ்டபிள் 19 வயதில் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தது வெறும் பழைய படமா? 150 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மனிதன் வெயிலில் கிடந்து பார்த்தவை எல்லாம் அதில் இருந்தன. அதை உதறிவிட்டுப் போவதில் என்ன வீரம்?

ஆனால் உதற வேண்டியதும் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய எண்ணெய் ஓவியங்களின் மேல் பூசிய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும், பழுப்பாகும். பழுப்பேறிய படங்களைப் பார்த்துப் பார்த்து, பழுப்புதான் உயர்ந்த ஓவியத்தின் நிறம் என்று அன்றைய ரசிகர்கள் நம்பிவிட்டார்கள். போமண்டும் நம்பினார். நல்லவர், கான்ஸ்டபிளை நேசித்தவர், ஆனாலும் நம்பினார். நிலக்காட்சிக்கு அடிப்படை நிறம் பழைய வயலின் ஒன்றின் நிறமாக இருக்க வேண்டும் என்று அவர் ஒருமுறை சொன்னாராம். கான்ஸ்டபிள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துக்கொண்டு போய் வீட்டின் முன்னால் பச்சைப் புல்தரையில் கிடத்தினார். அவ்வளவுதான். கான்ஸ்டபிளின் வாழ்க்கையை எழுதிய ஓவியர் லெஸ்லி இதைப் பதிந்திருக்கிறார். புல் பச்சையாக இருக்கிறது, வயலின் பழுப்பாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்!

மாணவர்களே, இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் பலர். ஆனால் இதே கான்ஸ்டபிள்தான் 1823இல் அதே போமண்டின் கோலோர்டன் மாளிகைக்குப் போய், கிளாட் ஓவியங்களின் முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்து படியெடுத்தார். அப்போது அவருக்கு 47 வயது. ‘தி ஹே வெய்ன்’ என்ற தன் பெரும் படைப்பைத் தீட்டி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி மரியா, எப்போது திரும்புவீர்கள் என்று கடிதம் எழுதிக் காத்திருக்கிறார். இவரோ இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு படம் என்று கிளாடை விட்டு வர மாட்டேன் என்கிறார். பழுப்பு வேண்டாம் என்று சொன்னவருக்குக் கிளாட் வேண்டும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் போதும், நான் இன்று சொல்ல வந்ததில் பாதி முடிந்தது.

மறுபாதி வானத்தில் இருக்கிறது.

கான்ஸ்டபிள் மனதார வணங்கிய இன்னொரு முன்னோர், ஹாலந்து நாட்டு ஹார்லெமில் பிறந்த யாக்கோப் வான் ராய்ஸ்டால். 17ஆம் நூற்றாண்டுக்காரர். தட்டையான நாடு அது, மலை கிடையாது. ராய்ஸ்டால் என்ன செய்தார்? தொடுவானத்தைக் கீழே இறக்கினார். அவருடைய ஹார்லெம் காட்சிகளைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு வானம். மேகங்களின் நிழல் கீழே வயல்களின் மேல் நகர்கிறது, ஒரு துண்டு நிலம் ஒளிர்கிறது, அடுத்த துண்டு இருள்கிறது. மலை இல்லாத நாட்டில் மேகத்தை மலையாக நிறுத்தியவர் ராய்ஸ்டால்.

பிற்காலத்தில், 1830களில், கான்ஸ்டபிள் நிலக்காட்சியின் வரலாற்றைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அதில் ராய்ஸ்டாலின் பனிக்கால ஓவியம் ஒன்றைப் பற்றி அவர் பேசியதைக் கேளுங்கள். அந்தப் படத்தில் இரண்டு காற்றாலைகள் நிற்கின்றன. ஒன்றின் இறக்கைகளில் பாய்த்துணி சுருட்டப்பட்டிருக்கிறது. வேலை நின்றபோது காற்று இருந்த திசையைப் பார்த்தபடியே அது நின்றுவிட்டது. மற்ற ஆலையின் இறக்கைகளோ வேறு திசையைப் பார்க்கின்றன. அப்படியானால் இடையில் காற்று மாறிவிட்டது. அந்தத் திசையில் மேகம் விலகுகிறது. அங்கே தெரியும் ஒளியைப் பார்த்தால் அது தெற்கு. ஆகவே தெற்குக் காற்று வந்துவிட்டது, விடிவதற்குள் பனி உருகிவிடும்!

எத்தனை ஆண்டுகளாக எத்தனை ஆயிரம் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? நாளை பனி உருகும் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆலையில் வேலை செய்தவருக்குத் தெரிந்தது. முன்னோரின் படத்தைப் பார்த்த கண் வயலைக் கண்டுபிடித்தது என்று சற்று முன் சொன்னேன். இங்கே வயலைப் பார்த்த கண் முன்னோரின் படத்தைக் கண்டுபிடிக்கிறது. 

இனி ஹாம்ப்ஸ்டெட் குன்றுக்குப் போவோம். மரியாவுக்குக் காசநோய். லண்டனின் புகை ஆகாது. அதனால் 1819 முதல் குடும்பம் கோடைக்கு, நகரின் வடக்கே உயரத்தில் இருக்கும் ஹாம்ப்ஸ்டெட்டுக்குப் போகத் தொடங்கியது. மேட்டு நிலம், சுற்றிலும் திறந்த வெளி, தலைக்கு மேலே முழு வானம். 1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கே கான்ஸ்டபிள் வானத்தை மட்டும் தீட்டிக் குவித்தார். சில தாள்களில் மரக்கிளையின் நுனி தெரியும். பலவற்றில் நிலமே கிடையாது. தாளின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை, வெயிலா மழையா, எந்தப் பக்கம் பார்த்து வரைந்தது என்று எல்லாம் எழுதிவைத்தார்.

இது எவ்வளவு கடினமான வேலை என்று எண்ணெய் வண்ணம் தொட்டவர்களுக்குத் தெரியும். தொடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அதற்கு நாள் கணக்கில் ஆகும். வீட்டுக்குள் இது வசதி. இன்று தீட்டியதை நாளையும் கலைத்துக் குழைக்கலாம். வெளியே? மேகமோ காத்திருக்காது. ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணத்தை வைக்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கினால் வெள்ளையும் நீலமும் கலந்து சேறாகிவிடும். அதிலும் அன்று டியூப் கிடையாது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தில் வண்ணக் குழாய் செய்து காப்புரிமை பெற்றது 1841இல். கான்ஸ்டபிள் இறந்து நான்கு வருடம் கழித்து. இவர் காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி, ஊசியால் குத்திப் பிழிந்து எடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு, முழங்காலில் வண்ணப்பெட்டி, பெட்டி மூடியில் குத்திய தாள் என்று உட்கார்ந்து, ஓடுகிற மேகத்தைப் பிடித்தார்.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். வெள்ளைத் தாளில் நேராகத் தீட்ட மாட்டார். முதலில் செம்பழுப்பு நிறத்தைத் தாள் முழுவதும் பூசி உலரவைத்திருப்பார். அதன் மேல் பச்சையும் நீலமும் வைக்கும்போது, தூரிகை விட்ட இடங்களில் அந்தச் சூடான நிறம் எட்டிப் பார்க்கும். பச்சை துடிக்கும். எல்லா இடத்தையும் மூட வேண்டியதில்லை, நேரமும் மிச்சம். பழையவர்கள் படத்துக்கு அடியில் பூசி வந்த நிறம்தான் இது. பழுப்பை மேலே வேண்டாம் என்று எறிந்தவர், கீழே வைத்துக்கொண்டார்!

இத்தனை மேகங்களை நேரில் பார்த்தவர் புத்தகத்தைப் பார்த்தாரா? பார்த்தார். 18ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டர் கோசன்ஸ் என்ற ஓவியர் மேகங்களை வகை வகையாக அமைத்துக் காட்டிய அச்சுப் படங்களை வெளியிட்டிருந்தார். கான்ஸ்டபிள் உட்கார்ந்து அவற்றைப் படியெடுத்தார். தாமஸ் ஃபார்ஸ்டர் எழுதிய வானிலை நூலை வாங்கி, ஓரங்களில் தன் குறிப்புகளை எழுதிப் படித்தார். வானத்தையும் பார்த்தார், வானத்தைப் பார்த்தவர்களையும் பார்த்தார். வானம்தான் நிலக்காட்சியின் உணர்ச்சியை ஏந்துவது என்று நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதமும் இந்தக் காலத்ததுதான். ராயல் அகாடமியின் தலைவராயிருந்த பெஞ்சமின் வெஸ்ட், ஒளியும் நிழலும் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை என்று இளமையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஹாம்ப்ஸ்டெட் தாள்கள் அந்தப் பாடத்துக்கு எழுதிய பதில்.

‘தி ஹே வெய்ன்’ பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். உலர்புல் ஏற்றப்போகும் வெறும் வண்டி ஒன்று ஆழமில்லாத ஆற்றில் நிற்கிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. அப்பால் வெயில் விழுந்த புல்வெளி. மேலே ஓடுகிற வானம். ஆறடி நீளமுள்ள கேன்வாஸ். 1821இல் ராயல் அகாடமியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற தலைப்பில் வைத்தார். விற்கவில்லை.

இந்தப் படத்தை ஆற்றங்கரையில் உட்கார்ந்து தீட்டினார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, லண்டனில், வீட்டுக்குள் தீட்டினார். முந்தைய ஆண்டுகளில் ஊரில் தீட்டிய சிறு எண்ணெய்ப் படிப்புகள் கையிலிருந்தன. அவற்றை வைத்து முதலில் அதே ஆறடி அளவில் ஒரு முழு முன்வரைவைத் தீட்டிப் பார்த்தார். பிறகுதான் படம். வண்டியின் அமைப்பு சரியாக இருக்க வேண்டுமே என்று ஊருக்குச் சொல்லியனுப்பி, டன்தோர்னின் மகனிடமிருந்து வண்டியின் கோட்டுப்படத்தை வரவழைத்தார். இவ்வளவு சிரமம் எதற்கு? சிறு தாளில் இருக்கும் வேகத்தைப் பெரிய கேன்வாஸில் காப்பாற்ற வேண்டும், அதே சமயம் கிளாட், ரூபன்ஸ் ஆகியோரின் பெரிய படங்களின் பக்கத்தில் அது நிற்கவும் வேண்டும். ரூபன்ஸின் ‘ஹெட் ஸ்டேன்’ என்ற அதிகாலைக் காட்சியும் போமண்டிடம் இருந்ததுதான். சாதாரண ஊரைப் பெரிய படமாகத் தீட்டலாம் என்ற துணிச்சல் வானத்திலிருந்து விழவில்லை, ஐயா! குதிரைகளின் கழுத்துப்பட்டையில் அவர் வைத்த சிவப்பைப் பாருங்கள். அந்தச் சிறு சிவப்பு இல்லையென்றால் இத்தனை பச்சையும் மங்கிப்போகும்.

இங்கிலாந்தில் விற்காத அந்தப் படத்தை 1824இல் ஆரோஸ்மித் என்ற ஓவிய வணிகர் வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அங்கே சலோன் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே கண்காட்சிக்காக பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா ‘கியோஸ் படுகொலை’ என்ற பெரும் ஓவியத்தை முடித்து வைத்திருந்தார். கான்ஸ்டபிளின் படங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் படத்தைத் திரும்பவும் எடுத்துப் பின்னணியை மாற்றித் தீட்டினார். கான்ஸ்டபிளின் புல்வெளி ஒரே பச்சையில் தீட்டியது அல்ல, எண்ணற்ற வெவ்வேறு பச்சைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அது உயிரோடு இருக்கிறது என்பதை டெலாக்ருவா பிற்பாடு குறித்துவைத்தார். பாருங்கள், கதை எப்படித் திரும்புகிறது! முன்னோரிடம் கற்ற கான்ஸ்டபிள் இப்போது இன்னொருவருக்கு முன்னோர் ஆகிவிட்டார். கடலைத் தாண்டாத மனிதரின் படம் கடலைத் தாண்டி வேலை செய்தது.

அதற்குப் பிறகு நடந்தவை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். பிரான்ஸில் பார்பிஸான் ஊரை ஒட்டிய காட்டில் ஓவியர் தியோடோர் ரூசோவும் நண்பர்களும் தீட்டினார்கள். பிரான்ஸ்-பிரஷ்யா போரின் காரணமாக 1870இல் லண்டனுக்கு வந்த ஓவியர்கள் மோனேயும் பிஸாரோவும் அருங்காட்சியகங்களில் கான்ஸ்டபிளையும் அவர் காலத்து ஆங்கில ஓவியரான டர்னரையும் பார்த்தார்கள். அந்த டர்னர் தன் உயிலில் என்ன கேட்டார்? தன் இரண்டு ஓவியங்களைக் கிளாடின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும் என்று கேட்டார். இன்றும் நேஷனல் கேலரியில் அப்படித்தான் தொங்குகின்றன. பயமில்லாமல் முன்னோருக்குப் பக்கத்தில் நின்று, ‘இப்போது எங்கள் இருவரையும் பாருங்கள்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய தன்னம்பிக்கை!

இந்த இடத்தில் மாணவர்களிடம் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பல ஓவியக் கூடங்களில் கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து நிலக்காட்சி தீட்டுகிறார்கள். ஆற்றுக்குப் போவதில்லை, பழைய ஓவியத்தின் முன்னாலும் உட்காருவதில்லை. புகைப்படம் கான்ஸ்டபிளின் தாளுக்கு ஈடாகுமா? அந்தத் தாளின் ஒவ்வொரு தீற்றலிலும் ஒரு முடிவு இருக்கிறது: இதை வைக்கிறேன், இதை விடுகிறேன். புகைப்படத்தில் அந்த முடிவை உங்களுக்காக லென்ஸ் எடுத்துவிடுகிறது. நிழலுக்குள் இருக்கும் நிறத்தைக் கறுப்பாக்கிவிடுகிறது. வெயில் விழுந்த மேகத்தை வெறும் வெள்ளையாக்கிவிடுகிறது. நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஆசிரியராக்கிவிடாதீர்கள். அச்சுப் பிரதியாவது பரவாயில்லை, கிளாடின் ஒரு படத்தை எதிரே வைத்து, கறுப்பு வெள்ளையில் அதன் ஒளியையும் இருளையும் மட்டும் ஒரு மாலை முழுக்க வரைந்து பாருங்கள். மறுநாள் விடியலில் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். மேகத்தை மட்டும் பாருங்கள். பின்னால் தேதியும் நேரமும் எழுதுங்கள்.

திரும்பவும் கன் ஹில் குன்றுக்கு வருகிறேன். 1827இல் போமண்ட் இறந்தார். மறு ஆண்டு கான்ஸ்டபிள் அதே பள்ளத்தாக்கை அதே குன்றிலிருந்து, இந்த முறை பெரிய கேன்வாஸில் தீட்டி ராயல் அகாடமியில் வைத்தார். இது இன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. 26 ஆண்டுகள் கழித்தும் கட்டமைப்பு அதேதான், கிளாடின் ஆகார்தான். ஆனால் எத்தனை மாற்றம்! வானம் இப்போது ஹாம்ப்ஸ்டெட்டில் படித்த வானம். மேகம் உருண்டு வருகிறது, கீழே நிழல் நகர்கிறது. இலைகளின் மேலும் ஈரத்தின் மேலும் வெள்ளைத் துளிகள் மின்னுகின்றன. பனி கொட்டிவிட்டது என்று விமர்சகர்கள் கேலி செய்த அந்த வெள்ளை. இன்னொன்றும் உண்டு. 1802 படத்தின் முன்புறத்தில் ஆளே இல்லை. 1828 படத்தில் ஒரு நாடோடித் தாய், குழந்தையோடு, தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறாள். கிளாட் தன் படத்தில் வீட்டை விட்டு ஓடிவந்த ஆகாரை உட்காரவைத்தாரே, அதை நினைத்துத்தான் இந்தத் தாய் இங்கே வந்திருக்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. விவிலியம் போய்விட்டது, தேவதூதன் போய்விட்டான், வீடில்லாத தாய் மட்டும் இங்கிலாந்தின் ஒரு சாலையோரத்தில் மிஞ்சியிருக்கிறாள். 

அடுத்த ஆண்டு, 52ஆவது வயதில், கான்ஸ்டபிள் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். டர்னர் அவரைவிட ஒரே ஒரு வயது மூத்தவர், 1802லேயே அந்த இடத்தைப் பெற்றவர். அதற்குள் மரியா இறந்துவிட்டார். தாயில்லாத ஏழு பிள்ளைகளோடு அந்தக் கௌரவம் வந்தது.

1836இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார். அது விஞ்ஞானிகளின் கூடம், ஃபாரடேயின் கூடம். அங்கே போய் நின்று, ஓவியம் ஒரு விஞ்ஞானம், இயற்கையின் விதிகளை ஆராய்வதாகவே அதைச் செய்ய வேண்டும், படங்கள் அந்த ஆராய்ச்சியின் சோதனைகள் என்று சொன்னார். அந்தப் பேச்சுகளில் அவர் யாரைப் பற்றிப் பேசினார்? டிஷியனைப் பற்றி. கிளாடைப் பற்றி. பூஸானைப் பற்றி. ரூபன்ஸ், ரெம்பிராண்ட், ராய்ஸ்டால். இயற்கையின் விதிகளை விளக்க எழுந்தவர், வரிசையாக முன்னோர்களை எழுப்பி நிறுத்தினார். அதே ஆண்டு அகாடமியில் அவர் வைத்த ஓவியமும் அப்படித்தான். போமண்டின் தோட்டத்தில் ஓவியர் ரெனால்ட்ஸுக்கு எழுப்பிய நினைவுத்தூண், இருபுறமும் மைக்கலாஞ்சலோ, ராபேல் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள், சுற்றிலும் இலையுதிர்காலத்து மரங்கள், நடுவில் தலை நிமிர்த்தி நிற்கும் ஒரு மான். அவர் உயிரோடு இருந்து ராயல் அகாடமியில் வைத்த கடைசி எண்ணெய் ஓவியம் அது.

அன்பர்களே, என் பேச்சு இவ்வளவுதான். பின்னால் திரையில் கிளாடின் ஆகாரையும், 1802, 1828 டெட்ஹம் ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன். எழுந்து முன்னால் வாருங்கள். மரத்தின் உயரம், தொடுவானத்தின் கோடு, ஒளி விழுகிற இடம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். நான் சொன்னதில் எதையாவது ஒப்ப முடியவில்லை என்றால் படத்தைக் காட்டியே கேளுங்கள்.